மதகுத் தாழ் முனகிய கதை

அந்தக் காலத்தில் கல்லும் உலோகமும் வாய்விட்டுப் பேசின. ஏரிக்கரையில் வம்புக்கும் வாய்ச்சவடாலுக்கும் குறைவே இல்லை. சவடாலில் எல்லாரையும் மிஞ்சியது மதகில் தாழாகக் கிடந்த இரும்புக் கம்பிதான். இரண்டு கல்தூண்களுக்கு நடுவே குறுக்கே படுத்து மதகுப் பலகையை அழுத்திப் பிடிப்பது அதன் வேலை. வேலைக்கு வந்த அன்றே, தன் நீளம் ஒருநாளும் மாறாது என்று ஊர்முன் சத்தியம் செய்திருந்தது.

மதகைப் பார்த்துக்கொண்ட வெள்ளச்சி சத்தியத்தை நம்பிச் சும்மா இருக்கிறவள் அல்ல. தினமும் காலையில் தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, தாழின் நுனிக்கும் தூணுக்கும் நடுவே விட்டுப் பார்ப்பாள். முடி நுழைந்தால்தான் அவசரத்துக்குத் தாழ் தூக்க வரும். இரும்புக்கு இதில் உள்ளூரக் கோபம்.

ஒரு மழைநாளில் ஊர்சுற்றிக் காந்தக்கல் ஒன்று வந்து, தூணோரம் ஒதுங்க இடம் கேட்டது. இரும்புக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது. கிட்டே போக ஆசை, ஆனால் வேலையை விட்டு நகர முடியாது. யாருக்குத் தெரியப்போகிறது என்று அந்தப் பக்கமாக ஒரு மயிரிழை, ஒரே ஒரு மயிரிழை நீண்டு கொடுத்தது. அதுவரை எந்த இரும்பும் அப்படிச் செய்ததில்லை.

மூன்று நாள் மழை விடவில்லை. கரைக்கு மண் சுமந்ததில் வெள்ளச்சிக்கு முடி விட்டுப் பார்க்க நேரமில்லை. நாலாம் நாள் காலையில் ஏரி தளும்பி, கரை கசியத் தொடங்கியது. கரைக்குக் கீழேதான் ஊர் இருந்தது, அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அங்கேதான். ஓடிவந்து தாழைத் தூக்கினாள். அது அசையவில்லை. தன் நீளத்தில் ஒரு குறையும் இல்லை, அவள் கையில்தான் வலு இல்லை என்று இரும்பு சாதித்தது. அவள் ஒரு முடியைப் பிடுங்கி விட்டுப் பார்த்தாள். முடி வளைந்து நின்றுவிட்டது.

மாறியது தானா? இரும்புக்கு நம்பவே முடியவில்லை. சுருங்கப் பார்த்தது. காந்தக்கல் பக்கத்தில் இருக்கும்வரை உடம்பு பேச்சைக் கேட்கவில்லை. ஊர் ஜனம் கரையில் கூடிவிட்டது. ஒப்புக்கொண்டால் மானம் போகும், மறைத்தால் ஊரே போகும்.

“நான்தான் நீண்டுட்டேன், வெள்ளச்சி. அந்தக் கல்லைத் தூக்கிட்டுப் போ.”

அவள் கல்லை அப்பால் கொண்டுபோனாள். இரும்பு சுருங்கியது. ஆனால் மழையில் வந்து இடுக்கில் இறுகியிருந்த சேறு விடவில்லை. சுருங்கியபோது அதில் கொஞ்சம் உதிர்ந்ததை மட்டும் இரும்பு கவனித்தது. கல்லைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது, உடனே எடுத்துப்போகச் சொன்னது, மறுபடியும் கொண்டுவரச் சொன்னது. நீண்டும் சுருங்கியும் அதன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. உள்ளேயிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கிளம்பியது. சேறு பொலபொலவென்று கொட்ட, தாழ் அவள் கையோடு வந்தது. மதகு திறந்து வெள்ளம் வாய்க்காலில் பாய்ந்தது.

அவமானம் தாங்காமல், தன்னை உருக்கிவிட்டு வேறு தாழ் போடச் சொன்னது இரும்பு. வெள்ளச்சி அதை முந்தானையால் துடைத்தாள்.

“இந்தக் குணத்தை மட்டும் விட்டுடாத. இது இல்லேன்னா எம் புள்ளைங்க இன்னிக்கு இல்ல.”

அன்று முதல்தான் காந்தம் நெருங்கினால் இரும்பு கண்ணுக்குத் தெரியாமல் நீள்கிறது, விலகினால் சுருங்குகிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குள் மின்சாரம் காந்தம்போல் ஓயாமல் வந்து வந்து போக, ‘ம்ம்ம்’ என்று கேட்கிறதே, அது உள்ளே இருக்கும் இரும்பு தன் தப்பை இன்னும் ஒப்புக்கொண்டிருக்கும் சத்தம்.