மைதானத்தில் விழுந்த சடை

பேண்டு வாத்தியப் போட்டிக்குக் கோதண்டம் நடுவராக வருகிறார் என்றாலே பிள்ளைகள் நகவெட்டி தேடுவார்கள். போலீஸ் பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவர். சீருடைச் சோதனையில் ஒரு பொத்தான் லூசாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த வருஷம் விதிகள் மாறிவிட்டன. ஷூவில் முகம் தெரியும் அளவுக்குப் பாலீஷ் வேண்டியதில்லை. பெண்களுக்கு ரெட்டைச் சடை கட்டாயமில்லை. உடையும் தலையும் அணிவகுப்புக்குத் தகுந்தபடி இருக்க வேண்டும் என்று ஒரே வரி. பழைய நடுவர்கள் புதுத் தலைமை நடுவர் ரெஜினாவுடன் ஒரு போட்டியில் உட்கார்ந்து பழக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். ரெஜினா அவரைவிட ரொம்ப இளையவர். கோதண்டத்துக்கு அது தொண்டையில் சிக்கிய மாத்திரை மாதிரி இருந்தது.

திண்டுக்கல் மைதானத்தில் அன்று காலை மனசில் இருந்ததைக் கேட்டே விட்டார்.

"மேடம், முன்னெல்லாம் ரிப்பன் எவ்வளவு அகலம், முடி எது வரைக்கும்னு எல்லாம் எழுதியிருக்கும். இப்ப தகுந்தபடின்னு மட்டும் போட்டா, நான் எதைப் பார்த்து மார்க் போடுறது?"

"அடுத்த பேண்டு வருது. பாருங்க சார்."

வந்தது ஒரு பெண்கள் பள்ளி. போன வருஷம் ரிப்பன் ஒன்று அவிழ்ந்திருந்ததற்காகக் கோதண்டம் மார்க்கை வெட்டினார். அதனாலேயே மாநிலப் போட்டிக்குப் போக முடியாமல் அழுதுகொண்டே பஸ் ஏறியவர்கள். இந்தத் தடவை அத்தனை பேருக்கும் ரெட்டைச் சடை, ஒரே நீளம். புது விதியை அவர்கள் நம்பவில்லை போலிருக்கிறது, கோதண்டத்தைத்தான் நம்பியிருந்தார்கள். அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. சீருடைக்கு முழு மார்க் போட்டார்.

அணிவகுப்பு தொடங்கியது. பாதி மைதானம் தாண்டியதும், முன்வரிசையில் சைடு டிரம் அடித்த பெண்ணின் தொப்பிக்குள்ளிருந்து ஒரு சடை கழன்று தரையில் விழுந்தது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தப் பெண் முத்துப்பிரியா திரும்பிப் பார்க்கவில்லை. குச்சி ஒரு அடிகூடப் பிசகவில்லை. பின்வரிசைகள் நேரே பார்த்தபடி கடந்து போயின.

வாசித்து முடித்ததும் அவர்களுடைய டீச்சர் ஓடி வந்தார்.

"சார், தப்பு என்னோடதுதான். பழனிக்குப் போய் மொட்டை போட்டுட்டு வந்துட்டா. தலையில முடி இல்லாட்டி நீங்க மார்க்கை வெட்டிருவீங்கன்னு நான்தான் சவுரியைத் தொப்பியில குத்தி விட்டேன். பிள்ளைங்க ராப்பகலா அடிச்சுப் பழகியிருக்காங்க சார்."

கோதண்டத்துக்குக் காது வரை சூடேறியது. எத்தனை வருஷ அனுபவம், ஒரு சவுரியில் ஏமாந்துவிட்டார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். அவர் வெட்டினால் இந்த வருஷமும் அவர்களுக்கு மாநிலப் போட்டி கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

"எவ்வளவு வெட்டலாம் மேடம்?"

"முதல்ல அந்தச் சடையை எடுத்துட்டு வாங்க சார்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். முந்தின நாள் மழையில் செம்மண் ஈரமாக இருந்தது. ஷூத் தடங்கள் வரிசை வரிசையாகச் சடை வரைக்கும் வந்திருந்தன. அதைத் தாண்டி, அதே கோட்டில் மறுபடியும் தொடங்கிப் போயின. கோதண்டம் குனிந்து சடையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது நடையில் பழைய வேகம் இல்லை.

"யாராவது மிதிச்சிருக்காங்களா?" என்று கேட்டார் ரெஜினா.

"யாரும் மிதிக்கல மேடம்."

"வரிசை கலைஞ்சுதா?"

"இல்ல."

"தாளம்?"

"ஒரு அடிகூடப் பிசகல" என்றார் கோதண்டம். பிறகு சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். போட்ட மார்க் போட்டபடியே இருந்தது.

"இதுக்கு நம்ம பழைய மார்க் ஷீட்டுல ஒரு கட்டம்கூடக் கிடையாதே மேடம்" என்றார் மெதுவாக.

ரெஜினா சடையை வாங்கி மண்ணைத் தட்டினார்.

"அதுக்கு இடம் விடத்தான் சார், மத்த கட்டத்தையெல்லாம் எடுத்தோம்."