முன்பலகையில் உட்காராதவன்

கலங்களெல்லாம் மரத்தால் ஆகியிருந்த அந்நாளிலே, பவளத்துறை என்னும் கடலோர நாட்டைச் செங்கடம்பன் என்றோர் அரசன் ஆண்டு வந்தான். காலையில் பல்லக்கில் ஏற்றியவனை மாலையில் சிறையில் தள்ளுகிற மனம் அவனுக்கு. ஒரே மகன் கதிர்வேளைக் கடல் கொண்ட பிறகு அந்த மனமும் இருண்டு போயிற்று. அரண்மனையில் முரசு ஒலிப்பதில்லை; எவரும் சிரிப்பதில்லை. நன்றாக அழத் தெரிந்தவர்களுக்கே சபையில் மரியாதை. அவர்களுள் தலைசிறந்தவன் துறைக் கண்காணி வீரபூதி. அரசன் காலடி ஓசை கேட்டதுமே அவன் கண்கள் நிரம்பிவிடும். முதலமைச்சர் இளநாகருக்கு அந்த வித்தை கடைசிவரை வரவில்லை.

பவளத்துறைப் படகுகளில் இரும்பாணி கிடையாது. பலகைகளில் துளையிட்டுத் தென்னை நார்க்கயிற்றால் துணியைத் தைப்பதுபோல் தைப்பார்கள். ஒரு மழைக்காலம் கண்ட கயிறு உள்ளுக்குள் மக்கிவிடும். ஆகையால் ஆண்டுதோறும் படகைப் பிரித்துப் புதுக்கயிற்றால் மீண்டும் தைக்க வேண்டும். அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. “இந்தப் படகு நீரில் இறங்கலாம்” என்று எவர் வாக்குக் கொடுக்கிறாரோ, அவரே அதன் முன்பலகையில் உட்கார்ந்து முதல் அலையைக் கடக்க வேண்டும்.

கதிர்வேள் மாண்ட கடல் விழாவன்று அரசன் படகுக்கு வாக்குக் கொடுத்தவன் வீரபூதி. ஆனால் படகு இறங்கும் வேளையில் அவனுக்குப் பல்வலி வந்துவிட்டது. இளவரசன் சிரித்துக்கொண்டே அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டான். மூன்றாம் அலையில் படகு பிரிந்தது.

“கயிறு இவ்வாண்டு மாற்றிய புதுக்கயிறுதான் மன்னா, தையல்தான் மோசம்” என்றான் வீரபூதி. படகைத் தைத்த ஓடாவி பொன்னம்பியை விலங்கிட்டார்கள். அதே படகுக்காக ஒருநாள் அரசன் தன் கைவளையைக் கழற்றி ஓடாவிக்கு அணிவித்தபோது வீரபூதியின் முகம் போன போக்கை இளநாகர் மறக்கவில்லை.

அவர் சிறைக்குச் சென்றார்.

“நான் பிரிச்சுத் தைக்கணும்னு சொன்னேன் சாமி. விழா முடியட்டும்னு கண்காணி சொல்லிட்டாரு. இப்ப யாரு நம்புவா?” என்றான் பொன்னம்பி. “விடிஞ்சா என்னை அந்தப் படகுப் பலகைய அடுக்கியே எரிக்கப் போறாங்களாம். நல்ல வேங்கைப் பலகை சாமி அது.”

இளநாகர் சிறையை விட்டு வெளியே வந்தார். நேரே அரசனிடம் போனார்.

“அரசே, எரிப்பதற்கு முன் குற்றம் தையலில்தான் என்பதை ஊரறியக் காட்டிவிடுவோம். கரை ஒதுங்கிய அதே பலகைகள், அதே கயிறு. அறுந்த இடத்தில் முடிச்சிட்டுக்கொள்ளலாம். ஓடாவியின் கை படவே வேண்டாம்; கண்காணிக்கு வேண்டிய ஆட்களே தைக்கட்டும். படகு மிதந்தால் பொன்னம்பியின் தையல்தான் குற்றவாளி.”

அமைச்சரும் தன் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று, அரசன் அருகே நின்ற வீரபூதி மகிழ்ந்துபோனான். “மிகச் சரி. என் ஆட்கள் தைத்தால் இந்தப் படகு சிங்களம் வரை போய்த் திரும்பும்” என்றான்.

“கயிறு?”

“இரும்புச் சங்கிலி தோற்கும், அமைச்சரே.”

அரசன் எரிப்பதைத் தள்ளிவைத்தான். கயிற்றை எவரும் மாற்றிவிடாதபடி அரசனின் மெய்க்காவலர்கள் சுற்றி நிற்க, தையல் நடந்தது. விலங்கோடு மணலில் உட்கார்ந்திருந்த பொன்னம்பி ஒவ்வொரு முடிச்சையும் பார்த்தான். நல்ல தையல் என்று அவனுக்கே தெரிந்தது. படகு மிதந்துவிட்டால் தன் கதி முடிந்தது என்று அவன் தலை குனிந்துகொண்டான்.

வானம் மூடிக்கிடந்த ஒரு காலையில் படகு நீர் விளிம்புக்கு வந்தது.

“இறங்கலாமா, கண்காணி?” என்று கேட்டார் இளநாகர்.

“இறங்கலாம்.”

“அப்படியானால் முன்பலகைக்கு எழுந்தருளுங்கள்.”

வீரபூதி கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். “காலையிலிருந்து பல்…”

“அன்று வலித்த அதே பல்லா?”

“அதேதான்.”

“அதனாலென்ன? மருத்துவரைக் கையோடு அழைத்து வந்திருக்கிறேன். குறடும் கொண்டு வந்திருக்கிறார். பிடுங்கிவிட்டே ஏறலாம்.”

கூட்டத்தில் ஒருவர் சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். காவலர்கள் வீரபூதியின் தோளைப் பற்றினார்கள். கால் நனைந்ததும் அவன் மணலில் சரிந்தான்.

“வேண்டாம். அது போன ஆண்டுக் கயிறு. மூன்று அலை தாங்காது.”

அவன் கண்ணீர் வடித்தான். முதன்முறையாக அது உண்மையான கண்ணீர்.

செங்கடம்பன் வாளை உருவினான். “தெரிந்தா என் பிள்ளையை அதில் ஏற்றினாய்?”

“தெரிந்துதான் மன்னா. ஓடாவி அவகாசம் கேட்டான். அதைச் சொல்லத்தான் சபைக்கு வந்தேன். அன்று நீங்கள், விழாவைத் தள்ளிப்போடச் சொல்பவன் நாக்கை அறுப்பேன் என்றீர்கள். நான் திரும்பிவிட்டேன்.”

அந்த ஆணையைச் சபையிலிருந்த அனைவரும் கேட்டிருந்தார்கள். அனைவர் நாக்கும் அவரவர் வாயில் பத்திரமாக இருந்தது, இளநாகரின் நாக்கும்தான்.

அரசனின் வாள் தாழ்ந்தது. பொன்னம்பியின் விலங்கை அவிழ்க்கச் சொன்னான். பட்டாடையைக் களைந்துவிட்டு, ஆயுள் முழுவதும் படகுத்துறையில் மக்கிய கயிறு பிரிக்கும்படி வீரபூதிக்கு விதித்தான். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி இளநாகரிடம் நீட்டினான்.

“மாலை வேண்டாம் அரசே. நாக்கை அறுக்கும் அந்த ஆணையை எடுத்துவிடுங்கள்.”

“அது இன்னுமா நடப்பில் இருக்கிறது? எனக்கு நினைவே இல்லையே.”

“எங்களுக்கு இருந்தது.”

செங்கடம்பன் மாலையைக் காவலனிடம் கொடுத்தான். “ஆணையை எடுத்துவிட்டேன். ஓடாவி ‘ஆகாது’ என்றால் இனி அரசன் படகும் கரையில்தான்” என்றான். பின்னர் படகருகே போய் முன்பலகையின் தையலை நகத்தால் கீறினான். கயிற்றின் உள்நார் பொடியாய் உதிர்ந்தது.

“இதை எப்படிப் பிரிப்பது?” என்று கேட்டான்.

“உள்பக்க முடிச்சிலேர்ந்து, மகராசா” என்று பொன்னம்பி அருகில் வந்து உட்கார்ந்தான்.

இருவரும் பிரிக்கத் தொடங்கினார்கள். மழை வந்தது, அரசன் எழுந்திருக்கவில்லை. பவளத்துறையில் அதன் பிறகு எத்தனையோ படகுகள் இறங்கின. எந்தப் படகிலும் முன்பலகை காலியாக இருந்ததில்லை.