காந்த அறைக்கு முன்னால் ஒரு கேள்வி

தென்காசிப் பக்கம் ஒரு மருத்துவமனையில், எம்ஆர்ஐ ஸ்கேன் வேலையை ரெஜினாவிடம் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார் உலகநாதன். இருபது வருஷம் எக்ஸ்ரே எடுத்த கை. ரெஜினாவுக்கு வயதே முப்பதுதான். ஆனாலும் குரு குருதானே.

இருதயத்தில் பேட்டரி வைத்தவர்களைப் பார்க்காமல் உள்ளே விட்டால், ஸ்கேன் எந்திரத்தின் பெரிய காந்தம் பேட்டரியின் ஓட்டத்தைக் கெடுத்துவிடலாம். உயிருக்கே ஆபத்து. அதனால் எல்லோரிடமும் அதைக் கேட்டாக வேண்டும்.

"நான் கேட்ட பிறகு நீங்களும் கேக்கீங்களே மேடம். எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று ஒரு நாள் கேட்டார் உலகநாதன்.

ரெஜினா சிரித்தார்.

அன்று காலை முதுகுவலி என்று ஆவுடைச்செல்வி வந்தாள். இருபத்தைந்து வயது. அவளுடைய ஐந்து மாதக் குழந்தை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் மடியில் தூங்கியது.

"இருதயத்துல பேஸ்மேக்கர், பேட்டரி ஏதும் வச்சிருக்கா, தாயி?" என்று கேட்டார் உலகநாதன்.

"இல்ல."

"ஆபரேஷன்?"

"பிரசவம் மட்டும்தான்."

"அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா," என்றார் மாமியார். "நல்லா விசாரிச்சுட்டுத்தானே பொண்ணு எடுத்தோம்."

உலகநாதன் விடவில்லை. பேட்டரியைப் பற்றி இன்னும் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லைதான்.

ரெஜினா எழுந்தார். "உடுப்பு மாத்தணும். நீ மட்டும் வாம்மா."

கதவு மூடிக்கொண்டது. திறந்தபோது செல்வியின் கண்கள் சிவந்திருந்தன.

"இன்னிக்கு ஸ்கேன் இல்லம்மா," என்றார் ரெஜினா மாமியாரிடம். "டாக்டர்கிட்ட ஒரு விவரம் கேக்க வேண்டியிருக்கு."

"காலைல இருந்து காத்துக் கெடந்தது இதுக்குத்தானா?" முணுமுணுத்துக்கொண்டே அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். செல்வி பின்னாலேயே போனாள்.

ரெஜினா குரலைத் தாழ்த்தினார். "பதினஞ்சு வயசுல பேட்டரி வச்சிருக்காங்க. புருஷனுக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியாது. அது என்ன மாடல், காந்தத்துக்கு ஒத்துக்குமான்னு இருதய டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் உள்ள விடக் கூடாது."

இன்னும் அரை மணி போயிருந்தால் உலகநாதன் தன் கையாலேயே அவளை உள்ளே படுக்க வைத்திருப்பார். அந்தக் குழந்தை தூங்கிக்கொண்டே இருந்திருக்கும்.

"நாலு தடவை கேட்டேனே மேடம். நாலு தடவையும் ஏன் இல்லைன்னு சொன்னா?"

"நாலு தடவையும் மாமியாரம்மா எங்க உக்காந்திருந்தாங்க, அண்ணாச்சி?"