கையில் நாற்பது லட்சம்

“ஓடப் பார்க்கிறவனைக் கட்டிப் போடலாமா கூடாதாம்மா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க.”

கரையம்மை முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“மாடா, மனுஷனா?”

“கஸ்பார்.”

“அப்ப மாடு இல்ல.”

வைரவநாதன் மணலில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியில் மண் ஒட்டுமே என்று இன்றைக்கு அவர் பார்க்கவில்லை.

சங்குத்தீவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மீனுக்கு ஐஸ் உடைக்கிற கூலியாக இருந்து, அந்த ஐஸ் பேக்டரிக்கே முதலாளி ஆனவர். துறைமுகக் கால்பந்து அணிக்குப் பதினெட்டு வருடமாகத் தலைவர். வயது அறுபத்து மூன்று.

மனக்குறை என்றால் ஊரே வந்து யோசனை கேட்கிற கரையம்மை அவரைவிடப் பதினைந்து வயது சிறியவர். தம்பியோடு சண்டை போட்டுத் தூக்கம் போனபோது வைரவநாதன் முதல்முதலாக இந்தக் குடிசைக்கு வந்தார். அது நடந்து ஏழு வருடம். தூக்கம் திரும்பிவிட்டது. சண்டை அப்படியே இருக்கிறது.

அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. அணியை விட்டுப் போன ஆட்டக்காரர்களின் படங்களை ஆபீஸ் சுவரிலிருந்து கழற்றிவிடுவார். ஆணியைக் கழற்ற மாட்டார். போனவன் எத்தனை பேர் என்று தினமும் பார்க்க வேண்டும் அவருக்கு.

“கஸ்பார் எங்க போறான்?” என்று கேட்டார் கரையம்மை.

“பவளத்தீவுக்கு. வேற எங்க போவாங்க? அங்கதான் வருமான வரியே கிடையாதே.”

“எப்ப?”

“ஆறு மணிப் படகுல. ஆட்டக்காரங்க அணி மாறுறதுக்கு இன்னிக்குத்தான் கெடு. நான் கையெழுத்துப் போட்டாத்தான் போக முடியும். அவனோட ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம் என் கையில இருக்கு.”

“போட வேண்டியதுதானே.”

“எதுக்குப் போடணும்? கால் ஒடிஞ்சு கிடந்தப்ப வைத்தியம் பார்த்தது யாரு? நான். பவளத்தீவுக்காரனா வந்தான்?”

கரையம்மை ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார்.

“அவன் என்ன சொல்றான்?”

“காலையில கூப்பிட்டுக் கேட்டேன். ‘ஐயா, எனக்கு முப்பத்தொண்ணு ஆச்சு. முழங்கால் இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். அதுக்கப்புறம் முப்பது வருஷம் சாப்பிடணும்’னான். முகத்துல ஒரு வருத்தம் இருக்கணுமே. கிடையாது. சாப்பாட்டுக் கடையில விலை கேக்கிற மாதிரி பேசறான்.”

“பொய் சொன்னானா?”

“பொய் இல்ல. அதான் எரியுது.”

கடல் உள்ளே வாங்கியிருந்தது. சங்குத்தீவில் சமமான இடம் என்றால் கடல் உள்வாங்கும்போது தெரிகிற மணல்தான். அதில்தான் எல்லா அணிகளும் பயிற்சி செய்கின்றன. தண்ணீர் ஏறுவதற்குள் இரும்புக் கோல் கம்பங்களைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிட வேண்டும். கரையம்மையின் குடிசை அந்த மேட்டில் இருந்தது. கம்பம் தூக்க ஆள் குறைந்தால் அவரே போய்ப் பிடிப்பார்.

வைரவநாதன் விரலை மடக்கினார்.

“கணக்கைக் கேளுங்கம்மா. மூணு வருஷம் முன்னாடி அவனைக் கூட்டிட்டு வந்தப்ப நானே சொல்லி எழுதினேன். ‘கையில் நாற்பது லட்சம். வரி எதுவானாலும் கிளப் பாடு.’ அப்ப வரி அஞ்சில் ஒரு பங்கு. எனக்கு ஐம்பது செலவு. பத்து சர்க்காருக்கு, நாற்பது அவனுக்கு. சரியா?”

“சரி.”

“கடலரிப்புக்குச் சுவர் கட்டறோம்னு பெரிய சம்பளக்காரங்களுக்குச் சம்பளத்துல பாதி வரின்னு ஆக்கிட்டாங்க. இப்ப அவன் கையில நாற்பது விழணும்னா நான் எண்பது வைக்கணும். நாற்பது அவனுக்கு, நாற்பது சுவருக்கு.”

“வரி அவனுக்குத்தானே போட்டாங்க?”

“அவன் பேர்லதான். ஆனா அவனுக்கு ஒரு காசு குறையல. நான்தான் எழுதிக் கொடுத்துட்டேனே.”

“அப்ப அந்த முப்பது லட்சத்தை நீங்க சுமந்தீங்க.”

“நான்தான் சுமந்தேன்” என்றார் வைரவநாதன். அதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கரையம்மை அவரைப் பார்த்தார். பிறகு முறத்தைப் பார்த்தார்.

“ஐஸ் பேக்டரியை வித்தீங்களா?”

“எதுக்கு விக்கணும்?”

“காரு?”

“காரு இருக்கே. அதுலதானே வந்தேன்.”

“உடம்பு இளைச்ச மாதிரியும் தெரியல. அதான் கேட்டேன்.”

வைரவநாதனுக்குக் கோபம் வந்தது. அம்மையிடம் கோபத்தைக் காட்ட முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கணக்குப்பிள்ளை எப்படியோ சமாளிச்சார். அதை விடுங்க. இப்ப சங்கதி அது இல்ல. பவளத்தீவுக்காரன் அறுபது தரேன்கிறான். அங்க அறுபதுன்னா அறுபதுதான். அப்படியே பையில போட்டுக்கலாம். நான் அதே அறுபதைக் கையில கொடுக்கணும்னா நூத்திருபது வைக்கணும்.”

“அவ்வளவு வெச்சா இருப்பானா?”

“இருப்பேன்னு அவனோட ஏஜென்ட் ரொசாரியோ சொல்றான்.”

“வைக்கப் போறீங்களா?”

“பவளத்தீவுக்காரன் நாலாவது ஆளைத் தூக்கிட்டுப் போறதை நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா? என் அப்பன் காலத்துலேருந்து அவங்களுக்கு இளக்காரம்மா, நம்ம தீவுன்னா.”

“நூத்திருபது எங்கேருந்து வரும்?”

“போன தடவை வந்த இடத்துலேருந்து வரும்.”

“அது எந்த இடம்?”

வைரவநாதன் பதில் சொல்ல வாயெடுத்தார். கணக்குப்பிள்ளை ஒரு காகிதத்தை நீட்டினார், இவர் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் நினைவில் இருந்தது. தம்பி ஏழு வருடம் முன்பு சண்டையில் சொன்ன ஒரு சொல் எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. இது இல்லை.

“நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல” என்றார். “கட்டிப் போடட்டுமா, காசு கொடுத்து நிறுத்தட்டுமா?”

கரையம்மை முறத்தைத் தட்டி எழுந்தார். கடலைப் பார்த்தார்.

“தண்ணி ஏறுது. ஒரு கம்பம் இன்னும் கீழ கிடக்கு. வாங்க தலைவரே, ஒரு கை குறையுது.”

“நானா?”

“வேட்டி பார்த்தீங்கன்னா நான் வேற ஆள் தேடணும்.”

வைரவநாதன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

கீழே மணலில் இரண்டே பேர் நின்றிருந்தார்கள். இடது பக்கத் தடுப்பாட்டக்காரன் பெர்க்மான்ஸ், கோல்கீப்பர் தொபியாஸ். இருவரும் உள்ளூர்க்காரர்கள். தலைவர் இறங்கி வருவதைப் பார்த்து இருவரும் நேராக நின்றார்கள்.

“மத்தவங்க எங்கடா?”

“வேலைக்குப் போயிட்டாங்க ஐயா” என்றான் பெர்க்மான்ஸ்.

“என்ன வேலை? ஆடறதுதானே வேலை?”

தொபியாஸ் பெர்க்மான்ஸைப் பார்த்தான்.

“சாயங்காலம் மீன் ஏலக்கடையில கூடை இறக்கப் போறாங்க ஐயா. இன்னிக்கு எங்க ரெண்டு பேர் முறை, கம்பத்துக்கு. நாளைக்கு நாங்க போவோம்.”

“யாரு சொல்லிப் போறாங்க?”

“யாரும் சொல்லலீங்க.”

“கஸ்பார் ஒரு நாளாவது வந்து பிடிச்சிருக்கானா?” என்று கரையம்மை கேட்டார்.

“அவருக்குப் பாரம் தூக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்குங்கம்மா” என்றான் தொபியாஸ். “ஐயா எழுதினதுதான்.”

சொன்னவன் முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை. வைரவநாதன் தேடிப் பார்த்தார்.

கம்பம் என்பது பெயருக்குத்தான்; நான்கு மூலையுள்ள இரும்புச் சட்டம் அது. மேட்டுப் பக்கம் முன்னால் கரையம்மையும் வைரவநாதனும் பிடித்தார்கள். கடல் பக்கம் பின்னால் பெர்க்மான்ஸும் தொபியாஸும். கரையம்மைக்கு நேர் பின்னால் பெர்க்மான்ஸ். ஒன்று, இரண்டு, மூன்று என்று தொபியாஸ் சொல்ல, நால்வரும் தோளுக்கு ஏற்றினார்கள்.

பதினெட்டு வருடத்தில் வைரவநாதன் அதைத் தூக்குவது இதுதான் முதல் தடவை. ஐஸ் கட்டிகளைத் தூக்கிய தோள்தான். ஆனால் அது முப்பது வருடத்துக்கு முந்தைய தோள்.

“கனமா இருக்கே.”

“இரும்புங்க ஐயா” என்றான் தொபியாஸ்.

மேடு தொடங்கியது. மணல் கால்களை இழுத்தது. தண்ணீர் பின்னால் வந்துகொண்டிருந்தது.

பத்தடி ஏறியிருப்பார்கள். கரையம்மை தோளைத் தாழ்த்தி, தன் மூலையை விட்டு, ஒரு அடி விலகி நின்றார்.

கம்பம் சாய்ந்தது. அவர் மூலையின் பாரம் வைரவநாதன் தோளில் வந்து இறங்கியது. அவர் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. கையை உதறிக்கொண்டு பக்கவாட்டில் குதித்தார்.

முன்பக்கம் மணலில் மோதிக் குத்தி நின்றது. மோதிய வேகத்தில் கம்பம் முழுவதும் கடல் பக்கமாகத் தள்ளியது. தொபியாஸ் கால் தடுமாறி விழுந்தான். பெர்க்மான்ஸ் முழங்கால் மணலில் புதைய உட்கார்ந்து, கழுத்தை வளைத்து, இரும்பைத் தோளில் தாங்கினான். முகம் சிவந்தது. கையை எடுக்கவில்லை.

தொபியாஸ் எழுந்து வந்து மறுபடி பிடித்துக்கொண்டான். வைரவநாதன் ஓடி வந்து முன்பக்கத்தைத் தூக்கிச் சமன் செய்தார். மூச்சு வாங்கியது.

“ஏம்மா விட்டீங்க?”

“என்னால விட முடிஞ்சுது. விட்டேன்.”

“இப்படிச் சொல்லாம விடலாமா? ஒரு ஆள் செத்திருப்பான்.”

“நீங்க ஏன் விட்டீங்க தலைவரே?”

“நீங்க விட்டதும் உங்க பாரம் என் மேல வந்துது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? விட்டேன்.”

“அப்புறம் அது எங்க போச்சு?”

வைரவநாதன் திரும்பிப் பார்த்தார்.

பெர்க்மான்ஸின் பனியன் தோள்பட்டையில் கிழிந்து, தோல் உரிந்திருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. எப்போது நடப்பார்கள் என்று முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏம்பா, நீ ஏன் விடல?”

பெர்க்மான்ஸுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

“எனக்குப் பின்னாடி ஆள் இல்லீங்க ஐயா.”

அலை வந்து அவன் காலைத் தொட்டுத் திரும்பியது.

கரையம்மை கைகளைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்.

“உனக்கு மாசம் கையில எவ்வளவு வருது?” என்று கேட்டார் வைரவநாதன்.

“பதினாறாயிரம் ஐயா.”

“முதல்லயிருந்தே அதுதானா?”

“இல்லீங்க. இருபத்தெட்டு வந்துது. அந்தப் புது வரி வந்த வருஷத்துலேருந்து பதினாறு.”

“புது வரி பெரிய சம்பளக்காரங்களுக்குத்தானே? உனக்கு வரியே கிடையாதே.”

“ஆமாங்க. எனக்கு வரி கிடையாது” என்றான் பெர்க்மான்ஸ்.

“யாரு குறைச்சது?”

தொபியாஸ்தான் சொன்னான்.

“ஆபீஸ்ல ஒரு காகிதம் காட்டினாங்க ஐயா. பதினெட்டு பேருக்கும் ஒரே காகிதம். கீழ உங்க கையெழுத்து இருந்துச்சு.”

வைரவநாதன் கம்பத்தைப் பிடித்தபடியே நின்றார். அவருக்குக் கோபப்பட வேண்டும் போல இருந்தது. யார் மீது என்று தேடினார். கஸ்பார் மீது பட்டுப் பார்த்தார். சர்க்கார் மீது பட்டுப் பார்த்தார். பவளத்தீவுக்காரன் மீது, கணக்குப்பிள்ளை மீது. எப்போதும் சுலபமாக ஒட்டிக்கொள்கிற கோபம், இன்றைக்கு ஒருவர் மீதும் ஒட்டவில்லை.

“தொபியாஸு, இதைக் கொஞ்சம் மணல்ல இறக்கு.”

இறக்கினார்கள். வைரவநாதன் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். தண்ணீர் கணுக்கால் வரை வந்துவிட்டது. அலை தெறித்து, மடித்துக் கட்டிய வேட்டியும் நனைந்தது.

“நீ முன்னாடி போ.”

“வேணாங்க ஐயா, இங்க பாரம் ஜாஸ்தி.”

“போடாங்கறேன்.”

பெர்க்மான்ஸ் முன்னால் போய், தலைவர் நின்ற மூலையில் நின்றான். கரையம்மையின் மூலை காலியாகவே இருந்தது. அவர் அசையவில்லை.

மேட்டிலிருந்து யாரோ ஓடி வந்தார்கள். ரொசாரியோ. பளபளக்கிற செருப்பு, கக்கத்தில் தோல்பை, கையில் காகிதம்.

“ஐயா, ஐஸ் பேக்டரிக்குப் போயிட்டு ஓடி வரேன். உங்க காரு இங்க நிக்குதுன்னு சொன்னாங்க. படகு கிளம்ப இன்னும் கால் மணி நேரம்தான். கஸ்பார் பெட்டி மேல உட்கார்ந்திருக்கான். நூத்திருபதுன்னா சொல்லுங்க, இப்பவே இறக்கிக் கூட்டிட்டு வந்துடறேன்.”

“வேண்டாம். போகட்டும்.”

ரொசாரியோ அதை எதிர்பார்க்கவில்லை. மூன்று நாளாக எழுதி வைத்திருந்த பேரம் வாயிலேயே நின்றது.

“அப்ப விடறீங்களா ஐயா?”

“விடறேன்.”

“கோபத்துல சொல்றீங்களா?”

“கோபம் இல்ல. நல்லா ஆடச் சொல்லு. முழங்காலைப் பார்த்துக்கச் சொல்லு.”

ரொசாரியோ காகிதத்தை நீட்டினார். பேனா மூடியைத் திறந்தார். வைரவநாதன் குனிந்து இரும்பில் இரண்டு கைகளையும் வைத்திருந்தார். நிமிரவில்லை.

“இது மேல ஏறட்டும். கையெழுத்துப் போடறேன்.”

“அதுக்குள்ள படகு போயிடும் ஐயா.”

“அப்படின்னா செருப்பைக் கழட்டிட்டு வந்து அந்த மூலையைப் பிடி.”