மூன்று நாள் கேட்ட சுவர்

முப்பது வருடம் ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளித் தரகராக இருந்த வீரணன், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையடிவாரத்து மடத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மடத்தை நடத்தும் பொன்மணி அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். வீரணன் அவரை "அம்மா" என்பார். அம்மா இவரைத் "தரகரே" என்பார்.

மடத்துச் சமையல்காரர் சின்னாண்டி குளத்துப் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர் இனிக் குளத்துக்கு இறங்க முடியாது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்க, சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைக் குளியலறையாக்கச் சொல்லி வீரணனிடம் ஒப்படைத்தார் அம்மா.

ஆரோக்கியம் மேஸ்திரி வந்து அறையைப் பார்த்தார். சுவர் முழுக்கப் பச்சை ஆயில் பெயிண்ட். விரலால் தடவினார்.

"இதுமேல டைல்ஸ் நிக்காதுங்க. பெயிண்டைச் சுரண்டணும், சுவரைக் கொத்தணும். தூசியைக் கழுவிக் காயவிட்டு பிரைமர் அடிக்கணும். அதுவும் காயணும். சுவருக்கு மட்டும் மூணு நாள் குடுங்க."

"மூணு நாளா? மறைக்கப் போற சுவருக்கு என்னய்யா இவ்வளவு சீராட்டு?"

"சரி, ரெண்டரை."

"சின்னாண்டி வெள்ளிக்கிழமை வர்றாரு. இன்னைக்குப் புதன். சாயங்காலத்துக்குள்ள டைல்ஸ் ஏறணும். முடியாதுன்னா சொல்லு, முடியுங்கிற ஆளு ஊருக்குள்ள நூறு பேரு நிக்கிறான்."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். இன்னொரு முறை சுவரைப் பார்த்தார். பிறகு போய் சிமெண்டைக் குழைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை வீரணன் அம்மாவை அழைத்துவந்து காட்டினார். வெள்ளை டைல்ஸ் கண்ணைப் பறித்தது.

"டைல்ஸ் நிக்காது நிக்காதுன்னு மேஸ்திரி என்னா முக்கு முக்குனான்! நான் விடலையே. மூணு நாளை ஒரே நாளா முடிச்சேன். ஒரு சந்தேகம்மா, கேக்கலாமா?"

"கேளுங்க."

"நான் சேர வந்தன்னைக்கு, சந்தைப் புத்தியை வாசல்லயே விட்டுட்டு வாங்கன்னீங்க. இன்னைக்கு அந்தப் புத்திதானே சின்னாண்டிக்குக் குளிக்க இடம் குடுத்திருக்கு? அதை நான் விடணுமா, வச்சுக்கணுமா?"

அம்மா விரலை மடக்கி ஒரு டைல்ஸைத் தட்டினார். அடுத்ததைத் தட்டினார். காலி டின்னைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

"சின்னாண்டி எங்க உக்காருவாரு?"

"இங்கதாம்மா. குழாய்கிட்ட, சுவரை ஒட்டி."

"ஸ்டூலைப் போடுங்க. அப்படியே ஒரு பூசணிக்காய் எடுத்துட்டு வாங்க."

"திருஷ்டி கழிக்கவா?"

"தலை அளவு இருக்கட்டும்."

வீரணன் சிரித்துக்கொண்டே போய் எடுத்து வந்தார். அம்மா அதை ஸ்டூல்மேல் வைத்தார். துணிக்கொடியில் கிடந்த சின்னாண்டியின் துண்டை உருவி அதற்குத் தலைப்பாகை கட்டினார்.

"அச்சு அசல் சின்னாண்டிதான்!" என்றார் வீரணன்.

"வெளியே வாங்க."

இருவரும் வெளியே வந்ததும் அம்மா கதவை ஓங்கி அறைந்து சாத்தினார்.

உள்ளே ஒன்று விழுந்தது. இரண்டு விநாடி சத்தமில்லை. பிறகு மொத்தமாகச் சரிந்தது.

அம்மா கதவைத் திறந்தார்.

டைல்ஸ் இருந்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் பச்சைப் பெயிண்ட் மின்னிக்கொண்டிருந்தது. ஸ்டூல் சாய்ந்து கிடந்தது. துண்டு கிழிந்து, பூசணிக்காய் பிளந்து, சதையும் விதையும் தரையெங்கும் வழிந்திருந்தன. உடைந்த டைல்ஸ் ஒன்று அதில் செருகி நின்றது.

வீரணன் நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கண் அந்தத் துண்டைவிட்டு அகலவில்லை.

பிறகு கத்தினார்.

"பாவி மேஸ்திரி! நான் ஆயிரம் கேப்பேன். முடியவே முடியாதுன்னு அவன் சொல்லியிருக்கணுமா இல்லையா?"

"டைல்ஸ் நிக்காதுன்னு சொல்லலையா?"

"சொன்னான்" என்றார் வீரணன், தரையைப் பார்த்து.

வாசலில் வேன் வந்து நின்றது. இறங்குவதற்கு முன்பே சின்னாண்டியின் குரல் கேட்டது.

"தரகரே! வெந்நீர் காயுதா? குளிச்சுப் பதினெட்டு நாளாச்சுய்யா. என் நாத்தம் எனக்கே தாங்கல!"

வீரணன் கண்ணைத் துடைத்தார். உள்ளே பார்த்தார், வாசலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"அந்த மனுசன்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? அம்மா, இப்பவே கொத்த ஆரம்பிச்சுடுறோம். மூணு நாள் வேணாம். ஒரு ரெண்டு நாள்ல..."

அம்மா விலகி, உள்ளே போக வழிவிட்டார்.

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க? சுவரு அங்க நிக்குது. அதுகிட்டக் கேளுங்க."