எட்டுக்கால் எச்சம்

ஒரு காட்டின் ஓரத்தில் ஒரு தோட்டம். அங்கே நாரத்தைச் செடியின் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து, அதற்குள் மூன்று முட்டை இட்டிருந்தது ஒரு தையல்சிட்டு. அதன் பெயர் ஊசிமூக்கி. இன்னும் இரண்டே நாளில் குஞ்சுகள் வந்துவிடும்.

அன்று காலையில் பார்த்தால், கூட்டுக்கு நேர் மேலே இருந்த இலையில் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருந்தது.

அது என்னவென்று அந்த வழியாக வந்த மைனாவிடம் ஊசிமூக்கி கேட்டது. மைனாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் உண்டா? தூரத்தில் இருந்தபடியே ஒரு கண்ணைச் சாய்த்துப் பார்த்தது.

"காக்கை எச்சம். சந்தேகமே வேண்டாம். உன் கூட்டை நோட்டம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. முட்டையை மறந்துவிட்டு நீயாவது பிழைத்துக்கொள்" என்றது. சொன்ன கையோடு பறந்தும் போயிற்று.

ஊசிமூக்கிக்குப் போகவும் மனமில்லை, இருக்கவும் பயம். கடைசியாக ஒருமுறை முட்டைகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது. மேலே இருந்த எச்சத்தைக் காணவில்லை. அது பக்கத்து இலையில் இருந்தது.

'எச்சம் எங்கேயாவது இலைவிட்டு இலை போகுமா?'

பயத்தை விழுங்கிக்கொண்டு கிட்டப் போய், மூக்கு படாத குறையாக உற்றுப் பார்த்தது. மடக்கி வைத்த கால்கள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு. ஊசிமூக்கிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"எச்சமில்லை, சிலந்தி! சிலந்தி!" என்று வால் துடிக்கக் கத்தியது.

"மெதுவாகப் பேசு தாயே" என்றது சிலந்தி. "யாரும் என்னைத் தின்னக் கூடாதென்றுதான் இந்த வேஷம். நீ ஊரைக் கூட்டுகிறாயே."

சத்தம் கேட்டு நிஜக் காக்கையே வந்து உட்கார்ந்துவிட்டது.

"எங்கே சிலந்தி? எனக்கு நல்ல பசி."

கிளைக்குக் கிளை தாவித் தேடியது. இன்னும் ஒரு தாவல் தாவினால் தைத்த இலை கண்ணில் பட்டுவிடும். சிலந்தி எட்டுக் காலையும் இழுத்துக்கொண்டு மூச்சுவிடாமல் கிடந்தது.

"இது என்ன?" என்று காக்கை அதைப் பார்த்துக் கேட்டது.

"எச்சம், அண்ணே. உங்களுடையதாம். மைனா சொல்லிக்கொண்டு போகிறது" என்றது ஊசிமூக்கி.

ஊர் முழுக்கத் தன் பேர் கெட்டுப்போகுமே என்று காக்கைக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"என்னுடையதா? நான் இந்தப் பக்கமே வந்ததில்லை. யார் கேட்டாலும் அப்படியே சொல்லிவிடு."

அன்று பறந்த காக்கை அந்தச் செடிப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் மூன்று குஞ்சுகளும் வாயைப் பிளந்துகொண்டு வெளியே வந்தன. மேல் இலையில் 'காக்கை எச்சம்' காவலுக்கு இருந்தது.

நீதி: தூரத்தில் நின்று ஒருவர் சொன்னதை நம்பி ஓடிவிடாதே, கிட்டப் போய் உன் கண்ணால் பார்.