ஓடக்காரிக்குச் சொன்ன யோசனை

முன்னொரு காலத்தில் கருமணியாற்றுக்கு இக்கரையில் இருந்த குன்றையூர் நாட்டை உத்தண்டபூபதி என்ற ராஜா ஆண்டு வந்தார். காலையில் கொடுத்த பல்லக்கை மாலையில் பிடுங்குகிற ராஜா. அவரிடம் குறை இருப்பதாக வாய்தவறிச் சொன்ன புலவர் ஒருவர் அப்போது யானைக்கொட்டிலில் லத்தி அள்ளிக்கொண்டிருந்தார்.

அக்கரை நாட்டோடு மனத்தாங்கல் முற்றி, சண்டை வரும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தூதர் பதவி காலியாயிற்று. "வருகிற பௌர்ணமியன்று நானே நேரில் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுப்பேன். யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று ராஜா பறையறைவித்தார்.

அரசவைக் கணக்காயர் சோணாசலம் பதினைந்து வருஷமாக அந்தப் பதவிக்குக் காத்திருந்தவர். உடனே தயாராகத் தொடங்கினார். புதுப் பட்டு வாங்கினார். ராஜாவின் பட்டப்பெயர்கள் நாற்பத்திரண்டையும் மூச்சுவிடாமல் சொல்லப் பழகினார். ஆளுயரக் கண்ணாடி முன் நின்று எவ்வளவு குனிந்தால் பணிவு, எவ்வளவு குனிந்தால் கூன் என்று அளந்து பார்த்தார்.

அப்படிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் குரல் கேட்டது.

"ஐயா, நான் துறையில் ஓடம் விடுகிற சிலம்பாயி. நானும் பௌர்ணமிக்கு வரலாம் என்றிருக்கிறேன். ராஜா முன்னால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்வீர்களா?"

சோணாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றது. இக்கரைச் சண்டை, அக்கரைச் சண்டை இரண்டையும் நடு ஆற்றில் வைத்தே தீர்த்துவிடுகிறவள் என்று ஊரெல்லாம் இவள் பேச்சு. அவர் படித்த படிப்பைப் பற்றி யாரும் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை.

"உட்கார் அம்மா" என்றார், தேன் ஒழுக. "நம் ராஜாவுக்கு முகத்தைப் பார்த்தால் பிடிக்காது. முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போ. எதைக் கேட்டாலும் முதலில் 'தெரியாது' என்று சொல். கடைசியில் அவரிடம் உள்ள குறை ஒன்றைச் சொல். உச்சி குளிர்ந்துவிடுவார்."

அவள் கைகூப்பிப் போனாள். சோணாசலம் அன்று இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிட்டார்.

பௌர்ணமி வந்தது. சோணாசலம் முதலில் போனார். நாற்பத்திரண்டு பட்டங்களும் தடங்கலின்றி வந்தன. "அக்கரை அரசன் மனத்தில் இருப்பது போரா, சமாதானமா?" என்று ராஜா கேட்டார். "தங்கள் திருநாமத்தைக் கேட்டே அவர் தூக்கத்தில் நடுங்குகிறாராம்!" என்றார். ராஜா மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்து சிலம்பாயி. முதுகைக் காட்டியபடி பின்பக்கமாக நடந்து வந்தாள். சபை கொல்லென்று சிரித்தது.

"என்ன இது, முதுகு?" ராஜா சீறினார்.

"தூது போகிறவளுடைய முதுகைத்தானே மகாராஜா பார்த்துக்கொண்டிருக்கப் போகிறீர்கள்? முகத்துக்கு நேரே எல்லோரும் விசுவாசிகள்தான். முதுகைப் பார்த்த பிறகும் நம்பிக்கை இருந்தால் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் கும்பிட்டாள்.

சிரிப்பு அடங்கியது.

"அக்கரை அரசன் மனத்தில் என்ன?"

"தெரியாது, மகாராஜா."

'தொலைந்தாள்' என்று சோணாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவர் மனசு தெரியாது. அக்கரைக்குப் போக என் ஓடத்தில் ஏறுகிற மூட்டை தெரியும். போன மாசம் வரைக்கும் குதிரைக்குக் கொள்ளு ஏறியது. இந்த மாசம் விதைநெல் ஏறுகிறது. சண்டைக்குக் கிளம்புகிறவன் விதைநெல் வாங்குவானா?"

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி ஆமென்று தலையசைத்தார்.

"வேறு சொல்ல ஏதாவது இருக்கிறதா?"

"தங்களிடம் ஒரு குறை இருக்கிறது."

விசிறி வீசுகிறவளின் கை நின்றது.

"குறை சொன்ன புலவர் லத்தி அள்ளுகிறார். அதனால் கெட்ட செய்தி கொண்டுவருகிற தூதர் யாராக இருந்தாலும் பாதி வழியிலேயே அதில் சர்க்கரையைத் தூவிவிடுவார். நானும் பயத்தில் அதைத்தான் செய்வேன். அந்தப் பயத்தைப் போக்குவதானால் தூது போகிறேன். இல்லையென்றால் என் ஓடம் போதும்."

ராஜாவின் முகம் சிவந்து, பிறகு மெல்லத் தெளிந்தது. "புலவரைக் குளிக்கவைத்துக் கூட்டி வாருங்கள்" என்றார். "அது சரி, இப்படிப் பேச உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"கணக்காயர் ஐயாதான். மூன்றும் அவர் சொன்ன யோசனை."

ராஜா மெதுவாகத் திரும்பினார். "இவ்வளவு நல்ல யோசனைகளை நீர் ஏன் ஓய் கடைப்பிடிக்கவில்லை?"

சோணாசலத்துக்கு நாற்பத்திரண்டு பட்டங்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. கடைசியில் தரையைப் பார்த்து, "பொறாமை, மகாராஜா" என்றார். அவர் அந்தச் சபையில் ஒப்பனை இல்லாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"கொட்டிலில் ஓர் இடம் காலியாகிறது" என்று ராஜா தொடங்கினார்.

சிலம்பாயி குறுக்கிட்டாள். "எனக்கு எழுத்து தெரியாது, மகாராஜா. ஐயா கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பார்கள். ஓலை எழுத அவரை எனக்குத் துணையாகக் கொடுங்கள்."

ராஜா சிரித்துவிட்டார். "அப்படியே ஆகட்டும். ஓய், இனி இவள் சொல்வதை ஓர் எழுத்து கூடாமல் குறையாமல் எழுதும்!"

ஆற்றைக் கடக்கும்போது சோணாசலம் தணிந்த குரலில் கேட்டார்: "நான் சொன்னது பொய் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும் ஐயா. நான் வந்தபோது கண்ணாடிக்கு நீங்கள் முகத்தைக் காட்டித்தானே கும்பிட்டீர்கள்?"

"பிறகு ஏன் அப்படியே செய்தாய்?"

"எதிர்க்காற்று என்று ஓடத்தைக் கட்டிப் போட்டால் எனக்கு யார் சோறு போடுவார்?"

சமாதான ஓலை கையெழுத்தாயிற்று. இரண்டு கரையிலும் விதைநெல் முளைத்தது. சிலம்பாயியின் புகழ் வளர்ந்தது. சோணாசலத்தின் பொறாமை ஒழிந்ததா என்றால், முழுக்க ஒழியவில்லை என்றுதான் குன்றையூர்க்காரர்கள் சொல்வார்கள். யாராவது அவளைப் புகழ்ந்தால் அவர் முகம் ஒரு கணம் சுண்டிப்போகும். பிறகு எச்சிலை விழுங்கிக்கொண்டு, "ஆமாம், கெட்டிக்காரிதான்" என்பாராம். அந்த ஒரு கணத்தைக் கடக்க அவருக்கு ஆயுசு முழுக்கப் பிடித்தது.